பாக்டீரியா செத்தால் சொத்தை நிற்குமா? புளோரைட் இல்லாத மௌத்வாஷ் பற்றி

“தம்பி, பல்லுப் பூச்சிக்குக் கொப்பளிக்கிற மருந்து ஒன்னு குடுங்க. புளோரைட் இல்லாததா பாத்துக் குடுங்க, அது கிட்னியத் தின்னுப்புடுமாம்.”

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் எட்டு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். பல் மருத்துவன் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியை, சொல் கொஞ்சம் மாறினாலும் பொருள் மாறாமல், வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். அன்றைக்குக் கேட்டவர் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. கீழ்க் கடைவாய்ப் பல் பாதி கரைந்து, நடுவில் மிளகு புதைந்த மாதிரி கறுத்துக் கிடந்தது. கையில் ஒரு பச்சைப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமிகளில் 99.9 சதவீதத்தைக் கொல்லும் என்று அதில் பெரிதாக அச்சடித்திருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த எண் மட்டும் தெரிந்தது.

அவர் கேட்ட ஒரு வரிக்குள் பல சங்கதி பின்னிக் கிடக்கிறது. பல்லில் பூச்சி இருக்கிறது, அதைக் கொன்றால் சொத்தை நின்றுவிடும், பற்பசையில் சேர்க்கிற புளோரைட் என்பது விஷம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் பிரிப்பது கஷ்டம்.

பூச்சி கிடையாது, ஆனால் ஆள் இருக்கிறான்

என் பாட்டி காலத்தில் பல்வலி வந்தால் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, புகையை வாய்க்குள் பிடிக்கச் சொல்வார்கள். புழு கீழே விழும் என்பது நம்பிக்கை. புழு எதுவும் பல்லுக்குள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. நம் வாயில் ஏறக்குறைய 700 வகை வாழக்கூடும், பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை.

சொத்தை விஷயத்தில் அதிகம் பேசப்படுகிறவனுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர். 1924இல் இங்கிலாந்தில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து வைத்த பெயர் அது. இனி மியூட்டன்ஸ் என்றே சொல்கிறேன். இவன் தனி ஆள் இல்லை, கூட்டாளிகள் உண்டு, ஆனால் கூட்டத்தைக் கட்டி எழுப்புவதில் கெட்டிக்காரன்.

இவன் பல்லைக் கடிப்பதோ துளைப்பதோ இல்லை. நாம் சாப்பிடும் சீனியைத் தின்கிறான், தின்றுவிட்டு லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறான். தயிரைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான். பல்லைக் கரைப்பது அந்த அமிலம். அதோடு, அதே சீனியிலிருந்து பசை மாதிரி ஒன்றையும் செய்து, அதை வைத்துப் பல்லில் ஒட்டிக்கொள்கிறான். சீனியே அவனுக்குச் சாப்பாடு, சீனியே அவன் வீடு கட்டும் சாந்து.

மழையும் மண்சரிவும்

பல்லின் வெளி ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கடினமான பொருள் அது, கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். ஆனாலும் அமிலத்துக்குக் கரையும்.

அமிலத்தின் அளவைச் சொல்ல பிஎச் என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். தூய தண்ணீருக்கு 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். சீனி போட்ட ஒரு தேத்தண்ணி குடித்த சில நிமிடங்களிலேயே, பற்கள் மேல் படிந்திருக்கும் அழுக்குக்குள் பிஎச் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இதை 1940களில் அமெரிக்காவில் ஸ்டீபன் என்பவர் அளந்து வரைபடமாகவே போட்டுக் காட்டினார்.

எச்சில் வெறும் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். அதில் கல்சியமும் பொஸ்பேட்டும் கரைந்திருக்கிறது. பிஎச் மேலே ஏறியதும், கரைந்துபோன இடத்தில் அந்தக் கனிமம் திரும்பவும் படிகிறது. ஆக ஒவ்வொரு நாளும் பல் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் சரியாகி, மறுபடி கரைந்து, மறுபடி சரியாகி வருகிறது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள மலைச்சரிவைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. ஒரு மணி நேரம் கொட்டோ கொட்டென்று மழை பெய்துவிட்டு வெயில் அடித்தால் சரிவு தாங்கும். தண்ணி கானில் ஓடிவிடும், மண் இறுகிவிடும். ஆனால் மூன்று நாள் விடாமல் தூறினால்? லயத்துக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்புத் தெரியும், ஆட்கள் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பல்லுக்கும் அதே கணக்குத்தான். எத்தனை கரண்டி சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய கேள்வி. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணியை அரை மணி நேரம் உறிஞ்சுகிற பழக்கம் நம்மிடம் உண்டே, அது விடாத தூறல்.

மண் சரிவதற்கு முன்னால் வெடிப்புத் தெரிகிற மாதிரி, பல்லில் குழி விழுவதற்கு முன்னால் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் திட்டுத் தெரியும். அந்தக் கட்டத்தில் பல்லைக் காப்பாற்றலாம், கனிமம் திரும்பப் படிய வழி இருக்கிறது. குழி விழுந்துவிட்டால் பல் மருத்துவர் அடைத்தால்தான் உண்டு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பாக்டீரியா சீனியைத் தின்று அமிலம் விடுகிறது, அமிலம் பல்லைக் கரைக்கிறது, எச்சில் அதைத் திருத்துகிறது. கரைவது திருந்துவதை முந்தும்போது சொத்தை.

பீலிக்கரைப் பாசி

இனி அந்த 99.9க்கு வருவோம். அந்த எண் பொய் இல்லை. ஆய்வுகூடத்தில், மருந்தோடு பாக்டீரியாவை நேருக்கு நேர் கலந்து, குறித்த நேரம் வைத்திருந்தால் அப்படிச் சாகலாம். ஆனால் வாய்க்குள் மியூட்டன்ஸ் தனியாக நீந்திக்கொண்டு இருப்பதில்லை.

பீலிக்குக் கீழே இருக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க அதன்மேல் தண்ணி விழுகிறது, பாசி போகிறதா? கால் வைத்தால் வழுக்குகிறது. எத்தனை வாளி தண்ணி ஊற்றினாலும், சவர்க்காரத் தண்ணியே ஊற்றினாலும், மேல் பூச்சு கொஞ்சம் கலையும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். தென்னந்தும்பு எடுத்துத் தேய்த்தால்தான் கல் தெரியும்.

பல்லிலும் அப்படி ஒரு பாசி படிகிறது. பற்படலம் என்று சொல்வார்கள். காலையில் நாக்கால் தடவினால் மெழுமெழுவென்று படுமே, அதுதான். மியூட்டன்ஸ் செய்த பசைக்குள், அடுக்கடுக்காக, பல வகைப் பாக்டீரியா சேர்ந்து குடியிருக்கும் காலனி அது. 30 வினாடி வாயில் வைத்துத் துப்புகிற மருந்து மேல் அடுக்கில் இருப்பவர்களைக் கொல்லும், எச்சிலில் மிதப்பவர்களையும் கொல்லும். பல்லை ஒட்டி, அமிலத்தைப் பல்லுக்கு நேராகவே விட்டுக்கொண்டு இருக்கிறானே அடி அடுக்குக்காரன், அவனைத் தேடிப் போவதற்குள் நாம் துப்பிவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றர் எச்சிலில் சுமார் 10 கோடி பாக்டீரியா இருக்கும். 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் ஒரு லட்சம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படிப் பத்துத் தடவை பெருகினால் ஒரு லட்சம் மறுபடியும் 10 கோடி ஆகிவிடும். அதோடு, பற்படலத்திலிருந்து உதிர்ந்து வருகிறவர்களும் எச்சிலில் சேர்ந்துகொள்கிறார்கள். கொப்பளித்த சந்தோஷம் நெடுநாள் நிற்காது.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

புளோரைட் இல்லாத மௌத்வாஷ் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. சிலது உண்மையிலேயே வேலை செய்யும், சிலது வாசனைத் தண்ணி.

அதில் பலசாலி குளோர்ஹெக்சிடின். 0.12 அல்லது 0.2 சதவீதத்தில் வரும். இதன் தனித்தன்மை, துப்பிய பிறகும் போகாது. பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால்தான் பற்படலம் குறைவதற்கும் ஈறு வீக்கத்துக்கும் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மியூட்டன்ஸுக்கும் இது ஆகாது, எண்ணிக்கை குறையும். ஆனால் நிறுத்தினால் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். சொத்தையைத் தடுக்கிறதா என்று கேட்டால், கொக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2015இல் பிள்ளைகளுக்குப் பூசும் குளோர்ஹெக்சிடின் ஜெல்லையும் வார்னிஷையும் பற்றி வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தடுக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. பூசி வைப்பதற்கே இந்த நிலை என்றால், கொப்பளித்துத் துப்புவதை நம்பிச் சொத்தையை விட்டுவிட முடியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளோர்ஹெக்சிடின் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தால் பல் மண்ணிறமாகும். பல்லில் ஒட்டிய மருந்தோடு தேயிலையின் சாயம் சேர்ந்து கறையாகப் படிகிறது. என் சொந்த அம்மாவுக்கே நடந்தது: ஈறு வீங்கியதற்கு இரண்டு வாரம் என்று எழுதிக் கொடுத்த மருந்தை, நன்றாக இருக்கிறதே என்று இரண்டு மாதம் கொப்பளித்தார், ஒரு நாளைக்கு ஆறு சாயம். முன் பற்களின் இடுக்கெல்லாம் தேத்தண்ணிக் கோப்பையின் அடி மாதிரி ஆகிவிட்டது. வெற்றிலைக் கறை என்று நினைத்துச் சாம்பலைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும் கறை அது, சாம்பல் எனாமலைத்தான் தேய்க்கும். மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து இது. பற்பசையின் நுரைப் பொருள் இதன் வேலையைக் கெடுத்துவிடும், எனவே பல் விளக்கி அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும்.

அடுத்தது சிபிசி, முழுப் பெயர் செட்டைல்பிரிடினியம் குளோரைட். அதே திசையில் வேலை செய்யும், ஆனால் பலம் குறைவு, வாயில் நிற்கும் நேரமும் குறைவு.

மூன்றாவது வாசனை எண்ணெய் வகை. தைமோல், யூகலிப்டால், மென்தால், மெத்தில் சாலிசிலேட் என்ற நான்கும் சேர்ந்தது. 1879இல் அமெரிக்காவில் லிஸ்டரின் இப்படித்தான் தொடங்கியது. முதலில் அது அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினி, வாய்க்கு வந்தது பிறகு. பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் அதே பெயரில் புளோரைட் உள்ளதும் விற்கிறார்கள், இல்லாததும் விற்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தில் சோடியம் புளோரைட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது பாமசிக்காரரிடம் கேளுங்கள், அதற்குத்தானே அங்கே நிற்கிறார்கள்.

அப்புறம் வேம்பு, கராம்பு, துளசி படம் போட்ட மூலிகைப் போத்தல்கள். ஆய்வுகூடத் தட்டில் இவை மியூட்டன்ஸின் வளர்ச்சியைத் தடுத்ததாகப் பல ஆய்வுகள் இருக்கின்றன. தேயிலைச் சாறும் தட்டில் அதைச் செய்கிறது, நம்முடைய சாயத்தைத்தான் சொல்கிறேன். ஆனால் தட்டில் அந்தச் சாறு ஒரு இராத்திரி முழுக்க பாக்டீரியாவோடு ஊறிக்கிடக்கும். வாயில் அரை நிமிடம். கறை பிடித்த துணியை இராத்திரி முழுக்க ஊறவைப்பதும் ஒரு தடவை முக்கி எடுப்பதும் ஒன்றா?

உப்புத் தண்ணி பல் பிடுங்கிய புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் இதம், மியூட்டன்ஸை அது பெரிதாக அசைக்காது. கராம்பு எண்ணெய் வலியை மரக்க வைக்கும், சொத்தையைத் தொடாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் பாக்டீரியா குறைந்ததாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, அவற்றின் தரத்தை வைத்து அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

சுருக்கமாக, புளோரைட் இல்லாதவற்றில் சிலது பாக்டீரியாவை உண்மையாகவே குறைக்கும், ஈறுக்கு நல்லது. அந்தக் குறைவு சொத்தை குறைவதாக மாறுகிறது என்பதற்குத்தான் ஆதாரம் மெலிவு.

புளோரைட் செய்வது வேறு வேலை

புளோரைட்டும் கிருமிநாசினிதான், அதனால்தான் சொத்தையைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாக்டீரியாவைக் கொஞ்சம் தொந்தரவு செய்வது உண்மை, ஆனால் அதன் முக்கிய வேலை அங்கே இல்லை. எனாமலில் கரைந்துபோன இடத்துக்குக் கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் இழுத்து வந்து சீக்கிரம் படியவைக்கிறது, தானும் அதில் சேர்ந்துகொள்கிறது. அப்படிப் புதிதாகப் படிந்த கனிமம் பழையதைவிடக் கெட்டி. பிஎச் 5.5இல் கரையத் தொடங்கியது, இப்போது சுமார் 4.5 வரை தாங்கும்.

மலைச்சரிவுக்கே திரும்பினால், கிருமிநாசினி மழையைக் குறைக்கப் பார்க்கிறது. புளோரைட் சரிவில் கல் அடுக்கிக் கட்டுகிறது. மழையைச் சொன்னபடி கேட்கவைத்தவர் யாரும் இல்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் கண்காணித்துப் புளோரைட் கொப்பளிக்க வைத்த ஆய்வுகள் 30க்கும் மேலே இருக்கின்றன. 2016இல் கொக்ரேன் அவற்றைத் தொகுத்தபோது, நிலையான பற்களில் சொத்தை சராசரியாக 27 சதவீதம் குறைந்திருந்தது. புளோரைட் இல்லாத எந்தப் போத்தலுக்கும் இதற்குச் சமமான ஆதாரம் இல்லை.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சாதாரணப் பற்பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் வரை புளோரைட் இருக்கும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. தினமும் கொப்பளிக்கும் புளோரைட் மௌத்வாஷில் இருப்பதோ 225 பிபிஎம் அளவு. ஆகவே பல் விளக்கிய கையோடு புளோரைட் மௌத்வாஷ் போட்டால்கூட, கூடுதலாக இருந்ததைக் கழுவிவிட்டுக் குறைவானதை ஊற்றுகிறீர்கள். புளோரைட் இல்லாததைப் போட்டால் கேட்கவே வேண்டாம். மௌத்வாஷ் வேண்டுமென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போன்ற வேறு நேரத்தில் போடுங்கள். பல் விளக்கினால் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். நாம்தான் பீலியில் வாயை வைத்து நாலைந்து தடவை கொப்பளித்தால்தான் விளக்கிய மாதிரி என்று நினைக்கிறோமே, அங்கேதான் காசு கொடுத்து வாங்கிய புளோரைட் கானில் ஓடுகிறது.

கிட்னிப் பயம் எங்கிருந்து வந்தது

இந்தப் பயம் காற்றில் வந்தது இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம் உள்ள கிணறுகள் நிறைய. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு. சின்ன வயதில் அந்தத் தண்ணியைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் வெள்ளையும் மண்ணிறமுமாகத் திட்டுகள் விழும். அதே பகுதியில்தான் விவசாயிகளைக் கொல்லும் சிறுநீரக நோயும் பரவியிருக்கிறது. அதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. சந்தேகப் பட்டியலில் கடின நீர், விவசாய இரசாயனம், வெயிலில் உடம்பு வற்றுவது என்பவற்றோடு புளோரைட்டும் இருக்கிறது. இந்தச் செய்தி மலையேறி வரும்போது, பற்பசையில் உள்ள புளோரைட்டும் கிட்னியைத் தின்னும் என்று ஆகிவிட்டது.

வருஷக்கணக்காகக் குடிப்பதும், 10 மில்லிலீற்றரை வாயில் சுழற்றித் துப்புவதும் வேறு வேறு. நம் மலைத் தண்ணியில் புளோரைட் குறைவு. இன்னொன்றும் கேளுங்கள்: தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்க்கும் செடி. கொழுந்தைவிட முற்றிய இலையில் அதிகம். புளோரைட்டுக்குப் பயந்து போத்தலைத் திருப்பி வைக்கிற அக்கா, தினமும் சாயத்தில் அதைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தச் சாயத்தில் சீனி மட்டும் இல்லாவிட்டால் பல்லுக்கு அது நல்ல சங்கதியாகக்கூட இருந்திருக்கும்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எந்த மௌத்வாஷும் வேண்டாம், துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் துளியளவு பற்பசையை பெரியவர்கள் போட்டு விளக்கிவிட்டால் போதும். ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

அந்த அக்காவுக்கு என்ன கொடுத்தேன்

அவருடைய பல்லில் குழி விழுந்தாயிற்று. எந்தப் போத்தலும் அதை மூடாது. ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போய் அடைக்கவோ பிடுங்கவோ கேளுங்கள் என்றேன். பல் பிடுங்கி ஈறு ஆறும்வரையோ, ஈறு வீங்கி விளக்க முடியாதபோதோ மருத்துவர் எழுதினால் அந்தப் பச்சைப் போத்தல் மாதிரியான கிருமிநாசினிகள் வேலைக்கு வரும், இப்போது வேண்டாம் என்றேன். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் அதையும் காட்டச் சொன்னேன், வெற்றிலை புகையிலை போடுகிறவர் அவர். போத்தலின் விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு பிரஷும் புளோரைட் பற்பசையும் வந்தது.

பிறகு கேட்டேன், “ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணிக்கா?”

விரல் விட்டு எண்ணினார். விடிய ஒன்று, மலைக்குப் போகும்போது போத்தலில் கொண்டுபோவது, அதைப் பத்து மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது, பகல் சாப்பாட்டுக்கு வந்தால் ஒன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் ஒன்று, இராத்திரி ஒன்று, எல்லாவற்றிலும் சீனி. போத்தலில் கொண்டுபோவதுதான் விடாத தூறல், அதை மட்டும் சீனி இல்லாமல் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சரி, அத விட்டுப் பாக்குறேன். விடியக் குடிக்கிறதுல மட்டும் கை வைக்காதீங்க தம்பி.”